ஐநூறு கிளி

மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் சகினாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருஷம் தையல் மெஷின் முன்னால் போய்விட்டது. லாரிக்குப் போர்த்தும் பாய், பந்தலுக்கு மேற்கூரை, மொட்டைமாடிக்கு நிழல் விரிப்பு, மீன்கடைக்குக் கூரை என்று எது கேட்டாலும் அளவெடுத்து வெட்டி, ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட்டு, மூலைக்கு மூலை பித்தளை வளையம் அடித்துக் கொடுப்பாள். கொண்டுபோய்க் கட்டுவது அவள் புருஷன் பீர் முஹம்மது. ஏணியில் ஏறுவது அவர் வேலை, வாயைத் திறப்பது இவள் வேலை. கல்யாணமான புதிதில் போட்ட ஒப்பந்தம், இருவருக்குமே அது சௌகரியமாகத்தான் இருந்தது.

அந்தக் கடையில் கிளி என்று ஒரு சொல் புழங்கியது. விரிப்புச் சுருளின் ஓரத்தில் கம்பெனிக்காரன் முத்திரை குத்தி அனுப்புவான். ஐநூறு என்று எண், பக்கத்தில் கே, எல், ஒய் என்று மூன்று ஆங்கில எழுத்து. சுருளை இறக்க வந்த சுமைகாரர்கள் மூன்றையும் சேர்த்துப் படித்தார்கள். கிளி! அன்றிலிருந்து முந்நூறு கிளி என்றால் மட்டரகம், ஐநூறு கிளி என்றால் உசத்தி. பல்லாவரத்திலிருந்து வருகிற வாடிக்கைக்காரர்கூட "எத்தினி கிளிமா?" என்றுதான் கேட்பார். கிளி மார்க் என்றால் கிளிப் படம் எங்கே என்று பதினோரு வருஷமாக ஒருத்தரும் கேட்கவில்லை. சகினாவும் கேட்கவில்லை. பின்னால் அதை நினைத்து நினைத்துத்தான் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கம்பெனியின் வழவழப்பான விளம்பரத் தாளில் 'ஐந்து வருஷ உறுதி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆகவே அவளும் வருகிறவர்களிடம் எல்லாம் அதையே சொன்னாள். "ஐநூறு கிளி எடுத்துக்க, அஞ்சு வருசத்துக்கு மேல பாக்கவே வேணாம்." கம்பெனி சொல்லிற்று என்று சொல்லவில்லை. தான் சொன்னதாகவே சொன்னாள். வாங்கினவர்களும் கம்பெனியை நம்பி வாங்கவில்லை, சகினாவை நம்பித்தான் வாங்கினார்கள். நடுவில் கிழிந்தால் வெயிலைத் திட்டித் தூக்கிப் போட்டார்களே தவிர, கடைவரை கொண்டுவந்து கேட்டவர் யாரும் இல்லை.

ஏப்ரல் நடுவில் ஒரு காலை, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற அஞ்சலாட்சி ஆட்டோவை விட்டு இறங்கினாள். கையில் ஒரு மூட்டை. கடைக்குள் ஏறி, வெட்டுகிற மேஜைமேல் இருந்த புதுத் துணியைப் புறங்கையால் தள்ளிவிட்டு, மூட்டையைத் தொப்பென்று போட்டாள். மூன்று வருஷத்துக்கு முன் மே மாதத்தில் சகினா தைத்துக் கொடுத்த பச்சைக் கூரை அது. இப்போது பச்சையும் இல்லை, கூரையும் இல்லை. மீன் கவிச்சி அடிக்கிற வெளிறிப்போன ஒரு கந்தல்.

"இன்னாக்கா இது? அஞ்சு வருசம்னு சொன்னே! மூணு கூட முடியல. கைய வெச்சா மாவா கொட்டுது பாரு!"

சகினா தொட்டுப் பார்த்தாள். நிஜமாகவே விரலில் பொடியாக ஒட்டியது.

"உனுது மட்டுந்தானா?"

"என்னுது மட்டும்னா நான் வந்திருக்க மாட்டேன். இருவத்திரண்டு கடைக்கும் நாந்தானே உங்கிட்ட இட்டாந்தேன்? அல்லாமே கிழிஞ்சிக்கினு தொங்குது. நெழலு இல்லாம வஞ்சிரம் அரை மணில கண்ணு வெளுத்துப் பூடுது. கண்ணு வெளுத்த மீன எவ வாங்குவா? கத்திரி வெயிலுக்கு இன்னும் பதினேழு நாளு. நீ ஏமாத்திட்டேன்னு அவளுங்க சொல்லிக்கினு கீறாளுங்க. நான் இல்லன்னு சொல்லிக்கினு கீறேன். இன்னா சொல்றே, சொல்லு!"

ஏமாற்றிவிட்டாள்! சகினாவா? முப்பது வருஷத்தில் ஒரு மூலை வளையம் கழன்று வந்தது என்று ஒரு ஆள் அவள் கடைப்படி ஏறியதில்லை. அவள் கந்தலை விரித்து ஓரம் ஓரமாகப் பார்த்தாள். அவள் போட்ட தையலில் ஒரு இழை விடவில்லை. வளையத்தைச் சுற்றிய தையல் வட்டமாக அப்படியே இறுகி நின்றது, அதைத் தாண்டி வெளியே இருந்த துணிதான் உதிர்ந்து பிய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மெஷினின் சுவிட்சை அணைத்தாள். வளையத்தோடு ஒரு துண்டை வெட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்தெருவில் மூன்றாவது மாடியில் இருந்தது கம்பெனி ஆபீஸ். உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. புகார் கேட்கிற நாற்காலியில் அஸ்வத் என்கிற பையன் இருந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். அவள் மேஜைமேல் வைத்த துண்டைப் பேனா நுனியால் புரட்டினான். கையால் தொடவில்லை.

"ஆன்ட்டி, இது ஸ்டிட்ச்சிங் இஷ்யூ. வளையம் கிட்ட இழுத்துத் தெச்சிருக்கீங்க. அதான் கிழிஞ்சிருக்கு."

"தம்பி, கண்ணத் தொறந்து பாரு. தையல் நிக்குது, துணிதான் போயிருக்கு. ஐநூறு கிளின்னு போட்டு அஞ்சு வருசம்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு வருசம் பதினோரு மாசத்துல மாவாப் போச்சு."

"ஐநூறு என்னது?"

"கிளி. உங்க கிளி மார்க்குதான்."

அஸ்வத் ஒரு நொடி அவளைப் பார்த்தான். அப்புறம் நாற்காலியைச் சுழற்றிப் பின்னால் இருந்தவனைக் கூப்பிட்டான். "மச்சி, கேட்டியா? கே எல் ஒய், கிளியாம்டா!" அந்த அறையில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். ஒரு பெண் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அஸ்வத் சொன்னான்: "அது ஒரு யூனிட் ஆன்ட்டி. வெயில் அளக்கற யூனிட். சொன்னா உங்களுக்குப் புரியாது, விடுங்க."

புரியாதாம். புரியாத ஒன்றைத் துணியில் குத்தி, புரியாதவள் கையில் கொடுத்து, புரியாதவர்கள் தலைக்குமேல் கட்டச் சொல்லிப் பதினோரு வருஷம் வியாபாரம் பண்ணலாம். அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கேள்வி கேட்க வந்தால் மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. சகினா மேஜைமேல் அடுக்கியிருந்த விளம்பரத் தாளில் ஒன்றை உருவினாள். துண்டைப் பையில் போட்டாள். "சிரிச்சு முடிங்க. திரும்ப வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

மந்தைவெளியில் அச்யுத் என்று ஒருவர் இருந்தார். மாடியில் சோலார் பலகை வைத்து, தினம் எத்தனை வெயில் விழுந்தது என்று ஃபோனில் பார்த்துக் குறித்துவைக்கிற ஆசாமி. அவர் வீட்டு மாடிக்கு நிழல் விரிப்பு தைத்தது சகினாதான். வெயிலைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்தால் தப்பிக்க முடியாது என்று பீர் முஹம்மது ஒரு தடவை ஏணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். அன்றைக்கு சகினாவுக்கு அந்த ஆள்தான் வேண்டியிருந்தது.

"வாங்கோ சகினாம்மா. என்ன, இந்த வெயில்ல அலைஞ்சுண்டு?"

"அந்த வெயிலத்தான் சார் கேக்க வந்தேன். இந்தக் கே எல் ஒய்னா இன்னா?"

அச்யுத் விளம்பரத் தாளைக் கையில் வாங்கினார். முகம் மலர்ந்துவிட்டது. "கிலோ லாங்லி. லாங்லின்னா, இதோ இந்தச் சுண்டுவிரல் நகம் அளவு இடம். அதுமேல ஒரு கிராம் தண்ணி வெச்சா, அது ஒரு டிகிரி சூடாறதுக்கு எவ்வளவு வெயில் விழணுமோ, அது ஒரு லாங்லி. ஆயிரம் லாங்லி ஒரு கிலோ லாங்லி. ஐநூறுன்னு போட்டிருந்தா, மொத்தம் அத்தனை வெயில் விழற வரைக்கும் துணி தாங்கும்னு அர்த்தம்."

"லாங்லின்னா இன்னா, ஊரு பேரா?"

"மனுஷன் பேரு. அமெரிக்காக்காரர். நூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னாடி மெல்லிசான உலோகப் பட்டையை வெச்சு வெயில் சூட்டை அளக்க ஒரு கருவி பண்ணினார். அதைத் தூக்கிண்டு பெரிய மலைமேல ஏறி அளந்தார். கருவி அபாரம். ஆனா சூரியனோட மொத்த பலம் இவ்வளவுன்னு அவர் போட்ட கணக்குதான் தப்பாப் போயிடுத்து, நெஜத்தைவிட ஒன்றரை மடங்கு ஜாஸ்தி. அதனால என்ன? அவர் போய் நாப்பது வருஷம் கழிச்சு இந்த அளவுக்கு அவர் பேரையே வெச்சுட்டா."

"கணக்கு தப்பாப் போட்டவர் பேரையா?"

"உழைப்புக்கு மரியாதை பண்ணினா, சகினாம்மா."

அச்யுத் தாளைத் திருப்பினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். 'ஐந்து வருஷ உறுதி' என்பதன் தலையில் கடுகளவு ஒரு நட்சத்திரம் இருந்தது. அதற்கு இணையாகத் தாளின் அடியில், கொசுவின் கால்போல ஒரு வரி ஆங்கிலத்தில் ஓடியது.

"அடப்பாவிகளா!" என்றார் அச்யுத். "வருஷத்துக்கு நூறு கிலோ லாங்லி விழற இடத்துக்குத்தான் இந்த அஞ்சு வருஷம்னு போட்டிருக்கான். நூறுங்கறது ஜெர்மனி பக்கத்து வெயில். நம்ம மெட்ராஸ்ல வருஷத்துக்கு நூத்தியெழுபது விழறது. இதோ, என் ஃபோன்லயே இருக்கு பாருங்கோ."

அதற்குமேல் யாரும் சகினாவுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அறுபது அடித் துணியில் பதினேழு அடிக் கூரை எத்தனை வரும் என்று நின்ற இடத்தில் சொல்கிறவள் அவள். ஐநூறில் நூற்றியெழுபது இரண்டு தரம் போனால் முந்நூற்று நாற்பது. மிச்சம் நூற்றியறுபது. மூன்றாவது வருஷத்துக்கே பத்து குறைகிறது. இரண்டு வருஷம் பதினோரு மாசம்! துணி சொன்ன நாளுக்குத்தான் செத்திருக்கிறது. பொய் சொன்னது துணி இல்லை.

யாருடைய வெயிலை யார் தலையில் கட்டுவது? அங்கே வெயில் வந்தால் பூங்காவில் போய்ப் படுப்பார்களாம். இங்கே அஞ்சலாட்சி அதில் உட்கார்ந்து சோறு சம்பாதிக்கிறாள். விற்பது இந்த ஊரில், விளம்பரம் இந்த ஊர் பாஷையில், கணக்கு மட்டும் எவனோ ஒருத்தன் ஊர் வெயிலில். அதையும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில் போடுகிறான் என்றால், தெரியாமல் செய்தது இல்லை அது. அச்யுத் காபி கொண்டுவரச் சொன்னார். அது வருவதற்குள் சகினா படி இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் மறுபடி மூன்றாவது மாடியில் இருந்தாள். அஸ்வத்தைத் தாண்டி நேராக மேனேஜர் கணேசமூர்த்தியின் அறைக்குள் போனாள். தாளைப் போட்டாள், நட்சத்திரத்தைக் காட்டினாள், நூற்றியெழுபதைச் சொன்னாள். கணேசமூர்த்தி தென்காசிப் பக்கத்து ஆள், மரியாதை தெரிந்தவர். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லுதது சரிதாம்மா. நான் இல்லைங்கல. ஆனா அதை எழுத்துல ஒத்துக்கிட்டா நாளைக்குத் தமிழ்நாடு பூரா இருக்க கடைக்காரங்க இங்க வந்து நிப்பாங்க. அதனால இப்படிச் செய்வோம். இருபத்திரண்டு கூரைக்கும் புதுத் துணி சனிக்கிழமை உங்க கடைக்கு வந்துரும். நீங்க ஒரு லெட்டர்ல கையெழுத்து மட்டும் போட்டுத் தாங்க."

லெட்டர் தயாராகவே இருந்தது. 'எங்கள் தையலில் ஏற்பட்ட குறைபாட்டினால் கூரைகள் கிழிந்தன. கம்பெனி நல்லெண்ணத்தின் பேரில் மாற்றுத் துணி வழங்குகிறது.' கீழே, தைத்தவர் என்று போட்டு ஒரு கோடு.

சகினா அதை இரண்டு தரம் படித்தாள். "நான் ஒழுங்கா தெச்சத தப்பா தெச்சேன்னு நானே எழுதித் தரணுமா?"

"ஒரு ஃபார்மாலிட்டிதாம்மா."

"உங்க பேர எழுதி நீங்க கையெழுத்துப் போடுங்களேன், ஃபார்மாலிட்டின்னா!" பைக்குள் லெட்டரைத் திணித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அங்கிருந்து நேரே பட்டினப்பாக்கம். மணி பன்னிரண்டு ஆகிவிட்டிருந்தது. வரிசையாக இருபத்திரண்டு கடை, எல்லாவற்றின் மேலும் கந்தல். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பலகையில் இருந்த மீனுக்கு உடம்பால் நிழல் கொடுத்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சகினாவைக் கண்டதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் அஞ்சலாட்சியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வெளிநாட்டு வெயில், நட்சத்திரம், லெட்டர். நான் போடமாட்டேன் என்று வந்துவிட்டேன் என்று முடித்தாள். அஞ்சலாட்சி மெச்சுவாள் என்று ஒரு நினைப்பு அவளுக்கு இருந்தது.

"இன்னாது, போடலியா?" அஞ்சலாட்சி கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினாள். "சனிக்கெழம துணி தரேன்னு சொன்னான், நீ கையெழுத்து போடலியா?"

"பொய்யி, அஞ்சல. நான் தப்பா தெக்கல."

"நீ தப்பா தெக்கலன்னு எனக்குத் தெரியாதா? வலை பொத்தற குடும்பத்துல பொறந்தவ நானு, தையல் எது துணி எதுன்னு பாக்கத் தெரியாதா எனக்கு? ஆனா இங்க பாருக்கா, இந்தக் கெயவி நேத்து மயங்கி வியுந்துட்டா. கத்திரி வரப்போவுது. உம் பேரு நல்லா இருக்கணும்னு நாங்க வேவணுமா? உம் பேரு எங்க தலைக்கு நெழலு தருமா?"

சகினாவுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. பக்கத்துக் கடையில் சுவரில் சாய்ந்து கிடந்த வயதான பெண் கண்ணைத் திறக்காமல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சி கேட்கிறதிலும் நியாயம் இருக்கிறதே! அப்புறம் தன் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஐந்து வருஷம் என்று இவர்களிடம் சொன்ன வாய் யாருடையது? அர்த்தம் கேட்காமல் கிளி கிளி என்று கூவி விற்ற வாய் யாருடையது? இதற்கெல்லாம் பதில் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அன்று சாயங்காலமே தி. நகர் ஆபீஸில் லெட்டரை விரித்து வைத்தாள். கணேசமூர்த்தி பேனாவை நீட்டினார். அஸ்வத் கதவோரம் நின்றான். சகினா கோட்டுக்கு மேலே தன் பேரை முழுசாக, எழுத்து எழுத்தாக எழுதினாள்.

"ஒண்ணு கேட்டுக்குங்க சார்" என்றாள். "உங்க லாங்லி கணக்க தப்பாப் போட்டாராம். பாடுபட்டாரேன்னு வெயிலுக்கே அவர் பேர வெச்சாங்க. நான் சரியாத் தெச்சேன். எம் பேருக்குப் பக்கத்துல குறைபாடுன்னு எழுதி வாங்கறீங்க. நல்லா இருங்க!"

கணேசமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். லெட்டரை மட்டும் மறக்காமல் எடுத்துக் கோப்பில் வைத்தார்.

துணி சனிக்கிழமை வந்தது. அதே ஐநூறு, அதே மூன்று எழுத்து. சகினா ஆறு நாள் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. பீர் முஹம்மது டீ வாங்கிவந்து பக்கத்தில் வைப்பார், அது ஆறிப்போகும். கடைசிக் கூரைக்கு வளையம் அடித்து முடித்த பிறகு அவள் கறுப்பு பெயின்ட் ஒரு டப்பாவும் தட்டைப் பிரஷ்ஷும் வாங்கிவரச் சொன்னாள்.

"எதுக்கு?" என்று கேட்டார் அவர்.

"உங்க கையெழுத்து நல்லா இருக்கும். நான் சொல்றத எழுதுங்க."

மே மாதம் இரண்டாம் தேதி இருபத்திரண்டு கூரையும் கட்டி முடிந்தன. ஒவ்வொன்றிலும் ரோட்டைப் பார்த்துச் சரிகிற பக்கத்தில், சாண் உயரத்துக்கு எழுத்து நின்றது: 'ஐந்து வருஷம் என்றது ஜெர்மனி வெயிலுக்கு. சென்னை வெயிலுக்கு மூன்று வருஷம்கூட இல்லை.' அதற்குக் கீழே கம்பெனி பேர். அதற்கும் கீழே, தைத்தது சகினா, மீர்சாகிப்பேட்டை. சாந்தோம் பக்கம் போகிற வண்டிகள் வேகத்தைக் குறைத்துப் படித்துவிட்டுப் போயின. சிலர் இறங்கிப் படம் எடுத்தார்கள். இரண்டாவது நாளே அம்பத்தூரிலிருந்து ஒரு தார்ப்பாய்க் கடைக்காரர் ஃபோன் போட்டு, அந்த நட்சத்திரம் தாளில் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டார். அப்புறம் ஃபோன் ஓயவே இல்லை.

கத்திரி பிறந்த அன்று, பகல் ஒரு மணிக்கு, அஸ்வத் பைக்கில் வந்து இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முகத்தில் வேர்வை வழிந்தது. நேராகக் கூரைக்குக் கீழே நுழையப் போனான். அஞ்சலாட்சி மீன் வெட்டும் கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்கயே நின்னு பேசு நைனா. உள்ள எடம் இல்ல."

"ஆன்ட்டி, எழுதினதை இன்னிக்கே அழிக்கணும். மேனேஜர் சொல்லச் சொன்னார்." அவன் சகினாவைப் பார்த்துத்தான் பேசினான். அவள் உள்ளே கவிழ்த்துப் போட்ட மீன் டப்பின் மேல் உட்கார்ந்து, ஒரு கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். "இல்லாட்டி நீங்க எழுதிக் குடுத்த லெட்டரை எல்லா டீலருக்கும் அனுப்புவோம். அப்புறம் உங்ககிட்ட ஒருத்தரும் தெக்க வரமாட்டாங்க."

"அனுப்பு" என்றாள் சகினா. கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது பொய்யின்னு தெரிஞ்சுதான் போட்டேன். இவங்களுக்கு நெழலு வேணும்னு போட்டேன். கேக்கறவங்க கிட்ட அதையும் சொல்லுவேன். நீயும் சொல்லு, எதுக்கு எழுதி வாங்கினீங்கன்னு."

"விளையாடாதீங்க ஆன்ட்டி. அழிப்பீங்களா, மாட்டீங்களா?"

அதற்கு பதில் சொன்னது அஞ்சலாட்சிதான். பலகைக்கு அடியிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்து, மண்ணெண்ணெய் பாட்டிலோடு அவன் கையில் வைத்தாள். "ஏன் அக்காவ கேக்கற? உங்க துணி, உங்க கம்பெனி. நீயே அழிச்சிக்கோ, ஒருத்தியும் தடுக்க மாட்டா. எழுத்து வெயில் பக்கந்தான் கீது. மொத்தம் இருவத்திரண்டு."

அஸ்வத் நிமிர்ந்து முதல் கூரையைப் பார்த்தான். வரிசையின் கடைசிவரைக்கும் பார்த்தான். துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, முதல் எழுத்தின் காலைத் தேய்க்கத் தொடங்கினான். கழுத்துக்குப் பின்னால் சட்டை நனைந்து ஒட்டியது. ஒரு கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு இன்னொரு கையால் தேய்த்தான், கை மாற்றினான், பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றான். இருபத்திரண்டு கடைப் பெண்களும் நிழலுக்குள் இருந்தபடி அவனைப் பார்த்தார்கள்.

அவன் துணியைப் பலகைமேல் வைத்துவிட்டுப் பைக்கில் போய் ஏறினான். சீட் சுட்டுத் துள்ளி எழுந்தான். பிறகு வண்டியை உருட்டிக்கொண்டே, எதிர்ப்பக்கத்துச் சுவரோரம் கொஞ்சமாக விழுந்திருந்த நிழலைத் தேடிப் போனான்.

"எத்தினி நிமிசம்டி நின்னான்?" என்று அன்றைக்கு மயங்கி விழுந்த வயதான பெண் கேட்டாள்.

"ஆறு" என்றாள் அஞ்சலாட்சி.